பழைய காரில் புது ஹெட்லைட்: வயரிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசடர், பத்மினி, ஜீப், ஜிப்சி என்று ஏழு இன்ச் வட்ட ஹெட்லைட் உள்ள பழைய வண்டி வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் சொன்ன மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால். 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் வண்டி (பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியில் சேர்ந்தது) என்று வைத்துக்கொண்டுதான் பெரும்பாலான பதில்கள் உள்ளன. பாசிட்டிவ் எர்த் வண்டிக்காரர்கள் 17-வது கேள்வியை முதலில் பார்த்துவிடுங்கள்.

1. லைட் ரொம்ப மங்கலா இருக்கு. நல்ல டூம் ஒரு ஜோடி வாங்கி மாட்டினா சரியாயிடுமா?

டூம் என்பது முன் கண்ணாடியும் பின்னால் உள்ள குழிவும் சேர்ந்த ஹெட்லைட் கூடு. கண்ணாடி மஞ்சளித்து, உள்ளே வெள்ளிப் பூச்சு உரிந்திருந்தால் கொஞ்சம் சரியாகும். ஆனால் முப்பது நாற்பது வருட வண்டியில் பாதிக் குற்றம் டூமில் இருக்காது, வயரில் இருக்கும். பேட்டரியில் இருந்து கிளம்பும் கரண்ட் ஸ்டார்ட்டர் பக்கம், ஆம்மீட்டர், டாஷ்போர்டு ஸ்விட்ச், டிம்-பிரைட் ஸ்விட்ச் என்று சுற்றிவிட்டுத்தான் முன்னால் வருகிறது. வழியில் உள்ள ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட் தொலைகிறது.

ஹாலஜன் பல்பின் குணம் என்னவென்றால், வோல்ட் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் நிறையக் குறைந்துவிடும். 13.2 வோல்ட்டில் முழு வெளிச்சம் தரும் பல்பு, 12 வோல்ட்டில் ஏறக்குறைய 70 சதவீதம்தான் தரும். 11 வோல்ட் என்றால் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அந்த நிலையில் எவ்வளவு விலை கொடுத்து டூம் வாங்கினாலும் அதே மங்கல் விளக்குதான் புதுக் கண்ணாடிக்குள் எரியும். அதனால் முதலில் அளந்து பாருங்கள், பிறகு கடைக்குப் போங்கள்.

2. வோல்ட் குறையுதுன்னு வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். எஞ்சினை ஓட விட்டு, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து, ஹெட்லைட்டைப் போடுங்கள். முதலில் பேட்டரி முனைகளில் அளவு எடுங்கள். ஆல்டர்னேட்டர் ஒழுங்காக இருந்தால் 13.8 முதல் 14.2 வரை காட்டும். பிறகு பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே ஹோல்டரின் (பல்பில் சொருகியிருக்கும் பிளக்) பின்பக்கம் முனைகளைத் தொட்டு அளந்து பாருங்கள். ஹோல்டரைக் கழற்றிவிட்டு அளக்கக் கூடாது. கரண்ட் ஓடாதபோது எந்தப் பழைய வயரும் முழு வோல்ட்டைக் காட்டும், நம்மை ஏமாற்றிவிடும்.

இரண்டு அளவுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் என்றால் வயரிங் நன்றாகவே இருக்கிறது. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் ரிலே போடுவது பலன் தரும் (அது என்ன என்பது 5-ல்). எந்தப் பக்கம் தொலைகிறது என்று தெரிய வேண்டுமானால், மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் கறுப்பு முனையை ஹோல்டரின் லைவ் முனையிலும் (கரண்ட் வரும் முனை) வையுங்கள். காட்டுவது லைவ் பக்க இழப்பு. அதே மாதிரி பேட்டரி நெகட்டிவுக்கும் ஹோல்டரின் எர்த்துக்கும் இடையே வைத்தால் எர்த் பக்க இழப்பு தெரியும்.

3. ஏழு இன்ச் ரவுண்டுன்னா எல்லாம் ஒண்ணுதானே? எதை வேணா வாங்கலாமா?

வெளி அளவு ஒன்றுதான், உள்ளே இருப்பது வேறு வேறு. பழைய டூம்களில் 45/40 வாட் (பிரைட்டில் 45, டிம்மில் 40) பல்பு இருக்கும், அதன் அடிப்பாகம் பி45டி என்ற பெரிய வட்டத் தட்டு. இன்னும் சில வண்டிகளில் சீல்டு பீம், அதாவது டூம் முழுக்கவே ஒரு பல்பு. ஃபிலமென்ட் போனால் மொத்தமும் குப்பை. இப்போது கடையில் கிடைப்பது எச்4 டூம், 60/55 வாட் பல்பு. சீல்டு பீமின் மூன்று முனைப் பிளக் எச்4 பல்பிலும் அப்படியே பொருந்தும். பி45டி ஹோல்டர் பொருந்தாது, மாற்ற வேண்டும். (பி45டி அடியோடு 60/55 வாட் பல்பும் வருகிறது. பழைய டூமின் பூச்சு நன்றாக இருந்து, தோற்றம் மாறக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு அது நல்ல வழி.)

வாங்கும்போது பலரும் பார்க்காத ஒன்று, கண்ணாடியில் உள்ள அம்புக்குறி. நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம்; டிம் வெளிச்சம் இடது ஓரத்தில் கொஞ்சம் மேலேறி, வலப்பக்கம் தாழ்ந்து இருக்க வேண்டும். ஐரோப்பிய முத்திரை உள்ள டூமில், டூமுக்கு எதிரே நின்று பார்த்தால் உங்கள் வலப்பக்கம் காட்டும் அம்பு இருந்தால் அது நம் மாதிரி இடப்பக்கப் போக்குவரத்துக்கானது. இரண்டு பக்கமும் முனை உள்ள அம்பு என்றால் இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளலாம். முத்திரை இருந்தும் அம்பே இல்லையென்றால் அது வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது, எதிரே வருபவர் கண்ணில் நேராக அடிக்கும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இதில்தான்.

இன்னொன்று, பார்க் லைட். பழைய டூமுக்குள்ளேயே சின்ன பல்புக்கு ஓட்டை இருக்கும். புது டூமில் அந்த ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

4. பழைய பல்பு 45/40, புதுசு 60/55. பழைய வயர் தாங்குமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 40 வாட் இரண்டு பல்பு என்றால் 12 வோல்ட்டில் 6.7 ஆம்பியர். 55 வாட் இரண்டு என்றால் 9.2. பிரைட்டில் 60 இரண்டு, 10 ஆம்பியர். வயர் புதிதாக இருந்தால் சமாளிக்கும். ஆனால் வருடக்கணக்கில் பச்சை பிடித்த லக்குகளும் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனைகள்), கரி படிந்த ஸ்விட்ச் முனைகளும் இந்தக் கூடுதல் இரண்டரை ஆம்பியரில் சூடாக ஆரம்பிக்கும். ஸ்விட்சைத் தொட்டால் சுடுகிறது, அரை மணி நேரம் ஓட்டியதும் லைட் அணைந்து அணைந்து எரிகிறது என்றால் காரணம் இதுதான். தீப்பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

5. ரிலே ரிலேங்கறாங்களே, அது என்ன செய்யுது?

வயல் மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டி என்ன செய்கிறதோ அதையேதான். பச்சைப் பொத்தானில் ஓடுவது சின்னக் கரண்ட்; மோட்டாரின் பாரத்தைச் சுமப்பது பெட்டிக்குள் இருக்கும் பெரிய முனைகள். ஹெட்லைட் ரிலேயிலும் பழைய ஸ்விட்சுக்குள் ஓடுவது ரிலேக்குள் இருக்கும் காந்தச் சுருளை இயக்கத் தேவையான கால் ஆம்பியருக்கும் குறைவான கரண்ட் மட்டும். பல்புக்கான 10 ஆம்பியர் பேட்டரியில் இருந்து குட்டையான தடித்த வயர் வழியாக நேராக முன்னால் போகும்.

இதனால் இரண்டு நன்மை. பல்புக்கு முழு வோல்ட் கிடைக்கிறது. கிடைக்காத பழைய ஸ்விட்சும் பல வருடம் உழைக்கும். காலால் அழுத்தும் டிம் ஸ்விட்ச் உள்ள அம்பாசடர், ஜீப்காரர்களுக்கு இரண்டாவது நன்மைதான் பெரிது. தரையில் தண்ணீரும் மண்ணும் பட்டுக் கிடக்கும் ஸ்விட்ச் அது.

6. ரிலே அடியில 30, 85, 86, 87ன்னு இருக்கு. எதை எங்கே குடுக்கணும்?

30 என்பது பேட்டரியில் இருந்து வரும் லைவ். 87 பல்புக்குப் போவது. 85, 86 இரண்டும் சுருளின் முனைகள். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி நான்கு முனை ரிலேயாக வாங்குங்கள். ஏன் என்பது கடைசிக் கேள்வியில் தெரியும்.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஒரு பக்க ஹெட்லைட்டின் பழைய ஹோல்டரில் டிம், பிரைட், எர்த் என்று மூன்று வயர் வரும். டிம் வயரை முதல் ரிலேயின் 86-க்கும், பிரைட் வயரை இரண்டாவது ரிலேயின் 86-க்கும் கொடுங்கள். இரண்டு ரிலேயின் 85-ஐயும் எர்த்தில் சேருங்கள். பேட்டரி பாசிட்டிவில் இருந்து ஃப்யூஸ் வழியாக இரண்டு 30-க்கும் தடித்த வயர். முதல் ரிலேயின் 87-ல் இருந்து இரண்டு புது ஹோல்டரின் டிம் முனைக்கும், இரண்டாவது 87-ல் இருந்து இரண்டு பிரைட் முனைக்கும் புது வயர். அவ்வளவுதான் விஷயம். மறுபக்கத்துப் பழைய ஹோல்டரை இனி எதற்கும் பயன்படுத்தப் போவதில்லை. முனைகளை மூடி ஓரமாகக் கட்டிவிடுங்கள். பழைய வயர் எதையும் வெட்ட வேண்டாம். பிறகு ஒரு நாள் பழையபடி மாற்ற வேண்டும் என்றாலும், நடுவழியில் ரிலே போனாலும், பழைய ஹோல்டரை மாட்டி வீடு வந்து சேரலாம்.

ரிலேயை முனைகள் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள், தண்ணீர் தங்காது. சைலன்சர் மேனிஃபோல்டு பக்கம் வேண்டாம். கடையில் ஐந்து முனை ரிலே கொடுத்தால் நடுவில் உள்ள முனையைக் கவனியுங்கள். அது 87ஏ என்றால் ரிலே இழுக்காதபோது கரண்ட் வரும் முனை. அதில் பல்பைக் கொடுத்தால் வண்டி நிற்கும்போது லைட் எரியும், ஸ்விட்ச் போட்டால் அணையும்.

7. ரெடிமேட் கிட் கிடைக்குதே, அதையே மாட்டலாமா? வயர் என்ன சைஸ் போடணும்?

நல்ல கிட் என்றால் தாராளமாக மாட்டலாம், ஒரு மணி நேர வேலை. ஆனால் தடித்த உறைக்குள் மெல்லிய செம்பை வைத்து விற்கும் கிட்களும் நிறைய இருக்கின்றன. வெளியே பார்க்க ஜோராக இருக்கும். ஒரு முனையைச் சுரண்டி இழைகளைப் பாருங்கள். சிவப்புச் செம்பாக இருக்க வேண்டும்; வெட்டிய இடத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வேண்டாம்.

பேட்டரியில் இருந்து ரிலேக்கு 2.5 சதுர மி.மீ., அல்லது அதற்கு மேல். ரிலேயில் இருந்து பல்புகளுக்கு 2 போதும். ஆட்டோ வயர் கடைகளில் இழைக் கணக்கில் சொல்வார்கள். 28/0.30 என்றால் 0.30 மி.மீ. இழை 28, மொத்தம் ஏறக்குறைய 2 சதுர மி.மீ. 44/0.30 என்றால் ஏறக்குறைய 3. சுருளுக்குப் போகும் வயர் மெல்லியதாக இருந்தாலும் பரவாயில்லை. வீட்டு வயரிங்குக்கு வாங்கி மிச்சம் இருப்பதைப் போடலாமா என்று கேட்பார்கள். செம்பு செம்புதான், ஆனால் எஞ்சின் சூட்டிலும் எண்ணெயிலும் அதன் உறை சீக்கிரம் விறைத்து வெடித்துவிடும்.

சென்னைக்காரர்கள் ஜி.பி. ரோட்டில் வயர், லக், ரிலே எல்லாவற்றையும் ஒரே தெருவில் வாங்கிவிடலாம். பழைய வண்டியின் ஹெட்லைட் ரிம், சட்டம் மாதிரி பொருள்களுக்குப் புதுப்பேட்டை.

8. ஃப்யூஸ் ஒண்ணு போட்டா போதாதா?

கரண்ட் கணக்கில் போதும். ஆனால் இரவில் பைபாஸில் 80-ல் போகும்போது அந்த ஒரு ஃப்யூஸ் போனால் இரண்டு லைட்டும் ஒன்றாக அணையும். டிம்முக்கு ஒரு 15 ஆம்பியர், பிரைட்டுக்கு ஒரு 15 ஆம்பியர் என்று தனித்தனியாகப் போடுங்கள். ஒன்று போனாலும் இன்னொன்றைப் போட்டு ஓரம் கட்டலாம். 10 ஆம்பியர் ஃப்யூஸ் வேண்டாம்; குளிர்ந்த ஃபிலமென்ட் எரியத் தொடங்கும் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும், ஃப்யூஸ் களைத்துப் போய்விடும்.

ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃப்யூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவே உள்ள வயருக்குப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. லூகாஸ் (பிரிட்டிஷ் மின்சாதனக் கம்பெனி) வயரிங் வழியில் வந்த பல வண்டிகளில் கம்பெனியே ஹெட்லைட்டுக்கு ஃப்யூஸ் வைக்கவில்லை. "அதுல இல்லியே, இதுல மட்டும் எதுக்கு" என்று கேட்கும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. நீங்கள் போடச் சொல்லுங்கள்.

9. எர்த்தைப் பக்கத்துல பாடியிலயே குடுத்துடலாமா?

கொடுக்கலாம், பாடி பாடியாக இருந்தால். பழைய வண்டியில் மட்கார்டு போல்ட்டில் துருவும், மேலே இரண்டு மூன்று தடவை அடித்த பெயின்ட்டும் இருக்கும். லைவ் பக்கம் அருமையாக வேலை செய்துவிட்டு எர்த்தில் அரை வோல்ட்டைத் தொலைப்பவர்கள் அதிகம். இரண்டு ஹோல்டரின் எர்த்தையும் 2 சதுர மி.மீ. வயரில் இழுத்து, ஒரே இடத்தில், பெயின்ட் சுரண்டிப் பளபளப்பாக்கிய உலோகத்தில் நட்சத்திர வாஷர் போட்டு இறுக்குங்கள். மேலே கொஞ்சம் கிரீஸ் அல்லது வாசலின் தடவினால் மழைக்காலத்தில் துரு பிடிக்காது. இன்னும் நல்லது, ஒரு வயரைப் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோவது. பேட்டரியில் இருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும் எர்த் பட்டையையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

10. எனக்கு முன்னாடி வெச்சிருந்தவர் கண்டபடி வயர் மாத்தியிருக்கார். எது டிம், எது பிரைட்?

பிரிட்டிஷ் நிற முறையில் நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், நீலத்தில் சிவப்புக் கோடு டிம், கறுப்பு எர்த். அம்பாசடரில் இது மிச்சம் இருந்தால் அதிர்ஷ்டம். மற்றபடி எந்த நிறத்தையும் நம்ப வேண்டாம். டெஸ்ட் லேம்ப்பின் (கிளிப்பும் கூர்முனையும் உள்ள சோதனை விளக்கு) கிளிப்பை நல்ல எர்த்தில் மாட்டி, ஹோல்டரைப் பல்பில் இருந்து கழற்றி, ஸ்விட்சை டிம்மிலும் பிரைட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டு ஒவ்வொரு முனையாகத் தொடுங்கள். டிம்மில் மட்டும் எரிவது டிம், பிரைட்டில் மட்டும் எரிவது பிரைட், எதிலும் எரியாதது எர்த். ஒரு முனை இரண்டிலும் எரிந்தால் அது வேறு கதை, 14-க்குப் போங்கள்.

பல்பில் எது எது என்று பார்க்க, கண்ணாடிக்குள் எட்டிப் பாருங்கள். அடியில் சின்ன உலோகக் கிண்ணம் உள்ள ஃபிலமென்ட்தான் டிம். ஆனால் விரலால் கண்ணாடியைத் தொடாதீர்கள். கை எண்ணெய் பட்ட இடம் அளவுக்கு மீறிச் சூடாகிப் பல்பு சீக்கிரம் போய்விடும்.

11. மெக்கானிக் 100/90 பல்பு போட்டுடலாம்கிறார். ரிலே இருக்கே, தாங்காதா?

ரிலே தாங்கும். பிரைட்டில் இரண்டு பல்புக்கும் 16.7 ஆம்பியர், 40 ஆம்பியர் ரிலேக்கு அது ஒன்றும் பெரிய பாரம் இல்லை. தாங்காதது மற்றவை. பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும், அதனால் செராமிக் ஹோல்டர் வேண்டும். உள் பூச்சு சூட்டில் கறுக்கும். டைனமோ (ஆல்டர்னேட்டருக்கு முந்தைய சார்ஜ் கருவி) வண்டியில் சார்ஜே நிற்காது. எல்லாவற்றுக்கும் மேல், டிம்மிலேயே எதிரே வருபவருக்குக் கண் கூசும். பொதுச் சாலைக்கு ஒப்புதல் பெற்ற பல்பும் இல்லை அது.

என் கருத்து, வேண்டாம். 100/90 கேட்பவர்களில் பலர் 60/55 பல்பை முழு வோல்ட்டில் பார்த்ததே இல்லை. ரிலே போட்டு இரண்டு ராத்திரி ஓட்டிப் பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்.

12. எல்.இ.டி. பல்பு கரண்டே குறைவா இழுக்குமே. எச்4 டூம்ல அதை மாட்டினா ரிலே வேலையே மிச்சம்தானே?

கரண்ட் குறைவு என்பது உண்மை. ஆனால் எச்4 டூமின் கண்ணாடியும் குழிவும், ஃபிலமென்ட் இருக்கும் அந்தக் குறிப்பிட்ட புள்ளியை வைத்துச் செய்யப்பட்டவை. 10-ல் சொன்ன கிண்ணம், டிம் வெளிச்சம் குழிவின் மேல்பாதியில் மட்டும் பட்டுக் கீழ்நோக்கித் திரும்பும்படி செய்கிறது. எல்.இ.டி. பல்பில் ஒளி வரும் இடம் மில்லிமீட்டர் கணக்கில் தள்ளியிருந்தாலும் போதும், வெளிச்சம் சாலையில் விழாமல் மரத்திலும் எதிர் வண்டிக் கண்ணாடியிலும் விழும். வண்டிக்கு முன்னால் பத்தடி பளீரென்று இருக்கும், அதைப் பார்த்து நல்ல லைட் என்று நினைத்துவிடுவோம். தூரத்தில் ஒன்றும் தெரியாது. எச்.ஐ.டி. (செனான்) கிட்டுக்கும் இதே பதில்தான், கண்கூச்சம் இன்னும் மோசம்.

எல்.இ.டி.தான் வேண்டும் என்றால் பல்பை மட்டும் மாற்றாமல், எல்.இ.டி.க்காகவே லென்ஸ் அமைத்த முழு ஏழு இன்ச் டூமாக வாங்குங்கள். அம்புக்குறியைப் பார்க்க மறக்காதீர்கள் (3). பின்பக்க ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள், பழைய ஹெட்லைட் கிண்ணத்துக்குள் சில மாடல்கள் உட்காராது. எஃப்.எம். ரேடியோவில் இரைச்சல் வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

13. என்னுது டைனமோ வண்டி. எச்4 போட்டா பேட்டரி இறங்கிடுமா?

பழைய லூகாஸ் டைனமோக்கள் 20 ஆம்பியரை ஒட்டித்தான் தரும், அதுவும் எஞ்சின் நன்றாகச் சுற்றும்போது. ஹெட்லைட் 10, இக்னிஷன் காயில் 3 அல்லது 4, பின் விளக்குகள் 2, மழை என்றால் வைப்பர். ஓடும்போது சமாளிக்கும். சிக்னலில் ஐட்லிங்கில் நிற்கும்போது டைனமோ எதுவும் தராது, மொத்தமும் பேட்டரியில் இருந்துதான். லைட் மங்குவது அதனால்தான், அதை ரிலேயும் சரி செய்யாது. நின்றால் பார்க் லைட்டுக்கு மாற்றிக்கொள்ளும் பழைய பழக்கம் நல்லது.

ராத்திரியில் அதிகம் ஓட்டுபவர் என்றால் ஆல்டர்னேட்டருக்கு மாறுவதே சரி. முதலில் ஆல்டர்னேட்டர், பிறகு ரிலே, கடைசியில் டூம் என்ற வரிசையில் காசைச் செலவழியுங்கள். பெரும்பாலானவர்கள் நேர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

14. 6-ல சொன்ன மாதிரியே குடுத்தேன், ரிலே இழுக்கவே மாட்டேங்குது. டெஸ்ட் லேம்ப் ஒரு முனையில எப்பவும் எரியுது. ஏன்?

உங்கள் வண்டியில் ஸ்விட்ச் எர்த் பக்கம் இருக்கிறது. ஜப்பானிய வடிவமைப்பில் வந்த சில வண்டிகளில் பல்பின் பொது முனைக்கு லைவ் நேராக வரும். டிம்-பிரைட் ஸ்விட்ச் எந்த ஃபிலமென்ட்டை எர்த் செய்கிறதோ அது எரியும். 10-ல் சொன்ன சோதனையில் ஒரு முனை டிம்மிலும் பிரைட்டிலும் எரிந்து, மற்ற இரண்டும் எரியாமல் இருந்தால் இதுதான் அடையாளம்.

தீர்வு எளிது. இரண்டு ரிலேயின் 85-ஐயும் எர்த்தில் கொடுக்காமல், பழைய ஹோல்டரின் அந்தப் பொது லைவ் முனையில் கொடுங்கள். 86-கள் முன்பு சொன்னபடியே டிம் வயருக்கும் பிரைட் வயருக்கும். ரிலேக்குப் பிறகு உள்ள புது வயரிங் எந்த மாற்றமும் இல்லாமல் சாதாரண எர்த்தோடு வேலை செய்யும். இந்த வகை வண்டிகள் சிலவற்றில் டாஷ்போர்டின் நீல பிரைட் விளக்கு, ஃபிலமென்ட் வழியாகத்தான் தன் சுற்றை முடித்துக்கொள்ளும். ஃபிலமென்ட் இருந்த இடத்தில் ரிலே சுருள் வந்ததும் அது மங்கும் அல்லது எரியாமல் போகும். அதற்குப் புது பிரைட் வயரில் இருந்து தனியாக ஒரு மெல்லிய இணைப்பு கொடுத்துவிட்டால் முடிந்தது.

15. டிம் போட்டா ஒரு பக்கம் நல்லா எரியுது. இன்னொரு பக்கம் ரெண்டு ஃபிலமென்ட்டும் லேசா சிவக்குது, நீல லைட்டும் மினுக்குது. பேய் பிடிச்ச மாதிரி இருக்கு.

பேயெல்லாம் இல்லை, எர்த் போயிருக்கிறது. மங்கலான பக்கத்துப் பல்புக்கு எர்த் கிடைக்காததால், டிம் ஃபிலமென்ட்டில் நுழைந்த கரண்ட் பொது முனையில் இருந்து பிரைட் ஃபிலமென்ட் வழியாகத் திரும்பி, பிரைட் வயரில் ஏறி, மறுபக்கப் பல்பின் எர்த்தைத் தேடிப் போகிறது. போகிற வழியில் நீல விளக்கையும் கொஞ்சம் எரிய வைக்கிறது. 9-ஐப் பார்த்து எர்த்தைச் சரி செய்யுங்கள். பல்பையோ ரிலேயையோ மாற்றிக் காசை வீணாக்க வேண்டாம்.

16. எல்லாம் சரியா மாட்டியாச்சு. ஆனா எதிர்ல வர்றவங்க டிம் அடிச்சுக்கிட்டே இருக்காங்க. போலீஸ், ஆர்.டி.ஓ. தொந்தரவு வருமா?

முதலில் பல்பு நேராக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். எச்4 தட்டில் மூன்று காதுகள், அகலமானது மேலே வர வேண்டும். தலைகீழாக அமுக்கிச் சொருகினால் டிம் வெளிச்சம் வானத்தைப் பார்க்கும். அடுத்து அம்புக்குறி (3). அதன் பிறகு வெளிச்சத்தின் உயரத்தைச் சரி செய்வது: சமதளத்தில், டயரில் சரியான காற்றோடு, ஓட்டுநர் இடத்தில் ஒருவரை உட்கார வைத்து, சுவரில் இருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். டூமின் நடுப்புள்ளி தரையில் இருந்து எவ்வளவு உயரமோ அதைச் சுவரில் சாக்பீஸால் குறியுங்கள். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 செ.மீ. கீழே இருக்க வேண்டும். இடம் இல்லையென்றால் 5 மீட்டரில் 5 செ.மீ. டிக்கியில் எப்போதும் சாமான் ஏற்றிப் போகிறவர்கள் சாமானோடு வைத்துப் பாருங்கள்.

சட்டப்படி பார்த்தால், 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 106-வது விதி, 8 மீட்டர் தூரத்தில் 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண் கூசாதபடி வெளிச்சம் கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. 1988 சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதே அளவு டூம், அங்கீகார முத்திரை உள்ள 60/55 பல்பு, உள்ளே ஒரு ரிலே என்பதோடு நிற்பவர்களுக்குப் பொதுவாகச் சிக்கல் வருவதில்லை. 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது வண்டியைச் சோதிப்பவர் லைட்டையும் பார்ப்பார். நீல வெளிச்சம், கண்கூசும் எல்.இ.டி. கட்டை எல்லாம் அங்கே மாட்டும்.

டூம் நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டினால் கண்கூச்சம் போய்விடும் என்று நம்மூரில் ஒரு நம்பிக்கை. பொட்டு மொத்த வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். வெளிச்சம் போகும் திசை மாறாது.

17. என்னோட வண்டியில பேட்டரி பாசிட்டிவ்தான் பாடியில இருக்கு. ரிலே போடலாமா?

போடலாம். பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் இப்படி இருப்பது உண்டு. சாதாரண ரிலே சுருளுக்கும் ஹாலஜன் பல்புக்கும் திசை முக்கியமில்லை. 6-ல் "பேட்டரி பாசிட்டிவ்" என்று சொன்ன இடத்தில் பாடியில் சேராத முனை என்று வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்படியே. ரிலேக்குள் டயோடு இருந்தால் மட்டும் கவனம் வேண்டும். ரிலேயின் உறை மேல் வரைந்திருக்கும் படத்தில் சுருளுக்குப் பக்கத்தில் முக்கோணக் குறி இருந்தால் 85-ஐயும் 86-ஐயும் மாற்றிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் டயோடு உடனே போய்விடும். எல்.இ.டி. டூம் இந்த வண்டிகளில் நேராக மாட்ட முடியாது. அதன் உலோக உடலே எர்த் என்றால் ஷார்ட் ஆகும்.

இன்னும் பழைய ஜீப்களில் 6 வோல்ட்டும் உண்டு. பேட்டரி மூடியில் மூன்று துளை என்றால் 6, ஆறு என்றால் 12. 6 வோல்ட்டுக்கு இங்கே சொன்ன எந்த எண்ணும் பொருந்தாது.

18. ஸ்விட்சை அணைச்ச பிறகும் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கு. என்ன பண்றது?

முதலில் ஃப்யூஸை உருவுங்கள், பேட்டரி காலியாகிவிடும். பிறகு எரிந்துகொண்டிருந்த பக்கத்து ரிலேயைக் கழற்றிவிட்டு ஃப்யூஸை மறுபடி போடுங்கள். ரிலே இல்லாமலும் எரிந்தால் சாக்கெட்டில் 30-ம் 87-ம் எங்கோ தொட்டுக்கொள்கின்றன. வயர் உறை உரிந்த இடத்தைத் தேடுங்கள். எலி கடித்த வயர்களில் இது சகஜம். ரிலேயைக் கழற்றியதும் அணைந்துவிட்டால், டெஸ்ட் லேம்ப்பை எர்த்தில் மாட்டி 86-க்கு வரும் வயரைத் தொட்டுப் பாருங்கள். அங்கே லைவ் வந்தால் ரிலே பாவம், குற்றம் டிம்-பிரைட் ஸ்விட்சிலோ, பாஸ் அடிக்கும் நெம்புகோல் சிக்கிக்கொண்டதிலோ இருக்கிறது. அந்த நெம்புகோல் பல வண்டிகளில் மெயின் ஸ்விட்சைத் தாண்டி நேராகக் கரண்ட் கொடுக்கும். 14-ல் சொன்ன வகை வண்டி என்றால் இந்தச் சோதனையைக் கிளிப்பைப் பேட்டரி பாசிட்டிவில் மாட்டிச் செய்ய வேண்டும்.

86-ல் எதுவும் வரவில்லையென்றால் ரிலேயின் முனைகள் சூட்டில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ரிலேயைத் தட்டினால் விட்டுவிடும், பலரும் அப்படித் தட்டிவிட்டு ஓட்டிக்கொண்டிருப்பார்கள். மறுபடி ஒட்டும். வீடு போய்ச் சேர வேண்டும் என்றால் பிரைட் ரிலேயை எடுத்து டிம் சாக்கெட்டில் சொருகிக்கொண்டு, பிரைட் இல்லாமல் மெதுவாகப் போங்கள். இரண்டும் ஒரே மாதிரி வாங்கச் சொன்னது இதற்குத்தான். மறுநாள் புது ரிலே போடும்போது, பழையது ஏன் சூடானது என்று சாக்கெட்டின் 30, 87 லக்குகளையும் பார்த்துவிடுங்கள். தளர்ந்த லக்கை இறுக்காமல் ரிலேயை மட்டும் மாற்றினால் அதே கேள்வியோடு திரும்ப வருவீர்கள்.